மதிலுக்கு வெளியே நின்றவர் யார்?

தில்லி மாநகரின் வடபால், குன்றுத் தொடரின் முகட்டில், செம்மணற்கல்லால் ஆகிய எண்கோணக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. 1857ஆம் ஆண்டில் தில்லியை முற்றுகையிட்டுக் கைப்பற்றிய கும்பினிப் படையின் நினைவாக ஆங்கிலேயர் 1863இல் எழுப்பியது அது. அதன் சுவர்களில் பதித்த கல்வெட்டுகளில் எந்தப் பட்டாளத்தில் எத்துணைப் பேர் மாண்டனர், எத்துணைப் பேர் புண்பட்டனர் என்ற கணக்கு வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளது. 1972இல், விடுதலையின் வெள்ளி விழா ஆண்டில், அக்கோபுரத்திற்கு அஜித்கட் என்று பெயர் மாற்றிய நம் அரசு, பழைய கல்வெட்டில் ‘பகைவர்’ எனக் குறிக்கப்பட்டோர் அன்னியர் ஆட்சியை எதிர்த்து உயிர் நீத்த தியாகிகளே என்று விளக்கும் பலகை ஒன்றையும் அங்கே பதித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எம் மகனை அங்கு அழைத்துச் சென்றோம். ஏழாம் வகுப்பில் படிப்பவன். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டிப் படிப்பான், அவ்வளவே. புதிய பலகையை அவன் விரைந்து படித்து முடித்துவிட்டான். பழைய கல்லின் முன்னேதான் நெடுநேரம் நின்றான். ஐரோப்பியர் இத்தனை, சுதேசிகள் இத்தனை என்று தனித்தனியே எழுதியிருந்ததைக் காட்டி, “அப்பா, இந்தப் பக்கத்திலும் நம் ஆட்கள்தான் செத்திருக்கிறார்களா?” என்றான். ஆம் என்றோம். “நம் ஊர்ச் சண்டைகளிலும் இப்படித்தானா?” என்றான்.

தமிழ்ச் சங்கத்தில் இருபதாண்டு உறுப்பினராக உள்ள எமக்கு, கட்டபொம்மன் விழாவில் மும்முறை பேசிய எமக்கு, விடை சொல்ல இயலவில்லை. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டோம்.

இக்கட்டுரை அந்த விடையைத் தேடியதன் விளைவு. இது மேடைப் பெருமக்கள் சிலருக்குக் கசக்கும் என்பதை அறிவோம். கசப்பதற்கென்றே எழுதினோம் அல்லோம்; ஆயினும் இனிக்க எழுதவும் இயலவில்லை.

வடபுலத்தில் வாழும் தமிழர் நாம் ஆண்டுதோறும் எழுப்பும் முழக்கம் ஒன்றுண்டு. “1857க்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே விடுதலைப் போர் தொடங்கியவர் தமிழர், ஈண்டுள்ள பாடநூல்கள் அதனை மறைக்கின்றன” என்பதே அது. இம்முழக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. 1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்து மதிலிலும் ஒட்டப்பெற்ற மருது பாண்டியரின் அறிக்கையைப் பள்ளிப் பிள்ளைகள் அறியாதிருப்பது பெருங்குறையே. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததை ஓரிரு வரிகளில் கடந்து செல்வதும் குறையே. பேராசிரியர் கே. இராஜய்யன் 1800, 1801ஆம் ஆண்டுகளின் தென்னாட்டுக் கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்றே தலைப்பிட்டு 1971இல் நூல் எழுதினார். இவையெல்லாம் சரி. ஆனால் பிறர் நம் வரலாற்றை மறைக்கின்றனர் என்று குறை கூறும் நாம், அவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு சொல்லி வைத்திருக்கின்றோம்? 1959இல் வெளிவந்த திரைப்படத்தின் வசனம், மையால் தீட்டிய மீசை, அட்டைக் கத்தி, இறுதியில் “எட்டப்பன் காட்டிக் கொடுத்தான்” என்ற ஒற்றை வரி. இதற்கு மேல் நம் இல்லங்களில் என்ன இருக்கின்றது?

அந்த ஒற்றை வரியோடுதான் எம் வழக்கு. ஒருவன் காட்டிக் கொடுத்தான், ஆதலின் வீழ்ந்தோம் என்பது கேட்பதற்கு எளிது, உள்ளத்திற்கு ஆறுதலும்கூட. பழி முழுவதையும் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டால் ஏனையோர் அனைவரும் தூயராகிவிடுகின்றனர். இவ்வசதிக்காகவே அவ்வரியை இத்துணைக் காலம் காத்து வந்தோம் என்று அஞ்சுகின்றோம்.

எட்டயபுரத்துப் படை கும்பினியின் பக்கம் நின்றது உண்மை. எவரும் மறுக்கவில்லை. ஆனால் எட்டயபுரம் மட்டுமா நின்றது? கட்டபொம்மனைத் தன் காட்டில் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். பாளையங்களுக்குள் பழம்பகை இருந்தது. எல்லைத் தகராறு இருந்தது. மேற்கத்திப் பாளையங்களுக்கும் கிழக்கத்திப் பாளையங்களுக்கும் இடையே நெடுநாள் பிணக்கு இருந்தது. அவர்களுள் எவரும் ‘தமிழ்நாடு’ என்றோ ‘இந்தியா’ என்றோ ஒரு நாட்டை எண்ணி அதனை விற்றவர் அல்லர். அண்டைப் பாளையக்காரனின் வீழ்ச்சியில் தம் பாளையத்தின் நன்மையைக் கண்டவர்கள். இதனைப் போற்ற வேண்டும் என்று யாம் கூறவில்லை. துரோகி என்ற ஒரு சொல்லால் இவ்வளவையும் மூடிவிடலாகாது என்றே கூறுகின்றோம்.

இனி மதிலுக்கு வெளியே நின்றவர்களைப் பார்ப்போம்.

1751இல் ஆர்க்காட்டுக் கோட்டை. இராபர்ட் கிளைவ் ஏறத்தாழ இருநூறு ஐரோப்பியரையும் முந்நூறு சிப்பாய்களையும் கொண்டு அதனைப் பிடித்தான். சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் பெரும்படையுடன் வந்து சூழ்ந்துகொள்ள, ஐம்பது நாள் முற்றுகை நடந்தது. உணவு அருகியபோது, சோற்றை வெள்ளையர்க்குக் கொடுத்துவிடுக, வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சிப்பாய்களே முன்வந்து கூறினர் என்றொரு செய்தி உண்டு. மெக்காலே 1840இல் கிளைவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதனை உருக்கமாக எடுத்துரைக்கின்றான். அந்நிகழ்ச்சி அவ்வண்ணமே நடந்ததா என்பது வேறு வழக்கு. யாம் கேட்பது இது: கஞ்சி குடித்தவர்களின் பெயர் என்ன? எந்த ஊரினர்? கிளைவுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. கஞ்சி குடித்தவர்க்கு மெக்காலேயின் ஒரு பத்தி கிடைத்தது. நம்மிடமிருந்து அதுவும் கிடைக்கவில்லை.

அடுத்து மதுரை. கான் சாகிபு என்று நம் மக்கள் பாடி வந்த யூசுப் கான், மருதநாயகம் என்ற பெயரோடு பிறந்தவர் என்பது வழக்கு. கும்பினியின் சிப்பாய்ப் படைக்குத் தளபதியாய் உயர்ந்தவர். அக்கும்பினிக்காகவே தென்பாண்டிப் பாளையங்களை அடக்கியவர். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரோடு பொருதவர். பின்னர் நவாபோடும் கும்பினியோடும் முரண்பட்டு, 1763இல் மதுரைக் கோட்டைக்குள் நின்று எதிர்த்தார். முதல் முற்றுகை மழையாலும் இழப்பாலும் பயனின்றிப் போயிற்று. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பிறகு ஊரைச் சூழ்ந்து பட்டினி போட்டனர். அக்டோபர் 13ஆம் நாள் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்துக் கட்டினர். 15ஆம் நாள் தூக்கிலிட்டனர். இவரை எந்தப் பக்கத்தில் வைப்பது? பூலித்தேவர் விழாவில் இவர் பகைவர். அடுத்த வாரம் நடக்கும் மருதநாயகம் விழாவில் இவர் வீரர். ஒரே பேச்சாளர் இரண்டு மேடையிலும் ஒரே குரலில் முழங்குவதை யாம் கேட்டிருக்கின்றோம். அவரைக் குறை கூறவில்லை, அழைத்தவர் நாமல்லவா?

இனிப் பாஞ்சாலங்குறிச்சி. இதில் சற்றுத் தங்கவே வேண்டும்.

திரைப்படத்துக் கட்டபொம்மன் கலெக்டர் சாக்சன் முன் நின்று முழங்குகின்றான். வரலாற்றுக் கட்டபொம்மனோ அம்முழக்கத்திற்கு முன் செய்த காரியம் ஒன்றுண்டு. எம்மைப் போன்ற கோப்பெழுத்தர்க்கு அஃது எளிதில் விளங்கும். கிஸ்தி பாக்கி என்று விளக்கம் கேட்டு அழைப்பாணை வந்தது. கலெக்டர் குற்றாலத்தில் இருந்தார், இவர் சென்றார், பேட்டி இல்லை. கலெக்டர் திருவில்லிபுத்தூருக்குப் போனார், இவரும் பின்னே போனார், அங்கும் இல்லை. இப்படி ஊர் ஊராய் அலைக்கழித்து, 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பேட்டி வாய்த்தது. அப்பேட்டி கைகலப்பில் முடிந்தது. கிளார்க் என்னும் படைத்துறை அதிகாரி மாண்டான், தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார். அதன்பின் கும்பினி விசாரணைக் குழு அமைத்தது. நடந்ததற்குக் கலெக்டரின் போக்கே காரணம் எனக் கண்டு, சாக்சனை நீக்கி லூசிங்டனை அமர்த்தியது. பொறுமையாய் அலைந்தவன், தவணை கேட்டவன், முறையிட்டவன், முறையீட்டில் ஒருமுறை வென்றும் காட்டியவன், இறுதியில் வேறு வழியின்றிப் போரிட்டவன் என்ற இந்த மனிதன், வசனம் பேசும் மனிதனைவிட எவ்வகையில் தாழ்ந்தவன்? எம் மகனிடம் இதனைச் சொன்னபோது, பிறந்த சான்றிதழ் ஒன்றிற்காக யாம் அவனை அழைத்துக்கொண்டு நான்கு அலுவலகங்கள் ஏறி இறங்கிய நாளை அவனே நினைவுபடுத்தினான்.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினான். பெரும் பீரங்கிகள் வந்து சேரவில்லை. மண்கோட்டைதானே என்று விரைந்தான். அதிகாரிகள் சிலரை இழந்து பின்வாங்கினான். ஓரிரு நாளில் கோட்டையை விட்டகன்ற கட்டபொம்மன், அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். நம் மேடைகளில் வரலாறு இங்கே முடிந்துவிடுகின்றது, தேநீர் வழங்கப்படுகின்றது. ஆனால் தென்னாட்டு முற்றுகை வரலாற்றின் பெரும்பகுதி இதன் பிறகே தொடங்குகின்றது.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் தோழர்களும் தப்பினர். அதற்கு அடுத்த வாரமே மேஜர் மெக்காலே படையுடன் சென்று பார்த்தபோது, இடித்துத் தள்ளிய கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. ஏறத்தாழ ஐந்நூறடி நீளம், முந்நூறடி அகலம், பன்னிரண்டடி உயர மண்சுவர். கல் இல்லை, காரை இல்லை. சில நாட்களுக்குள் அதனை எழுப்பிய கைகள் எத்துணை? மண் சுமந்த பெண்டிர் எத்துணைப் பேர்? மார்ச்சு 31ஆம் நாள் பீரங்கியால் சுவரைப் பிளந்து கும்பினிப் படை ஏறியது. பிளவின் உச்சி வரை ஏறியவர்கள் உள்ளே இறங்க முடியாமல் மாண்டனர். தாக்கச் சென்ற ஐரோப்பியருள் பெரும்பாலோர் இறந்தோ புண்பட்டோ வீழ்ந்தனர். கொத்தளங்களின் உட்புறத்தில் மறைவாக நின்று நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினர் காவலர் என்பது பிறகே தெரிந்தது. இவ்விவரங்களை எழுதிவைத்தவன் அப்படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் இளம் அதிகாரி. 1830இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நினைவுக் குறிப்புகளே இன்றளவும் நமக்குத் தலைமைச் சான்று. பகைவன் எழுதியதால்தான் நம் ஊமைத்துரையை நாம் அறிகின்றோம். இந்நிலைக்காக நாணுதல் தகும்.

கர்னல் அக்னியூ கனத்த பீரங்கிகளுடனும் புதுப்படையுடனும் வந்து மே 24ஆம் நாள் கோட்டையைப் பிடித்தான். ஊமைத்துரை புண்பட்டு வீழ்ந்தார். அன்றிரவு பிணக்குவியலில் தன் மகனைத் தேடி வந்த தாய் ஒருத்தி, உயிர் போகும் நிலையில் கிடந்த அம்மகன் சொற்படி, அவனை விட்டு ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள் என்றும், தேடி வந்தவர்களிடம் அம்மை கண்டவர் என்று கூறி அச்சுறுத்தி அகற்றினாள் என்றும் வெல்ஷ் குறிக்கின்றான். அப்பெண்ணின் பெயரை அவன் குறிக்கவில்லை. 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைக் கோடை விடுமுறையில் கண்டு வந்தோர் நம்மிடையே பலர் உளர். கட்டபொம்மன் சிலைமுன் படம் எடுத்துக்கொண்டோம் என்பார்கள். அத்தாயைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னோம் என்று ஒருவரும் சொல்லக் கேட்டிலோம்.

ஈண்டுதான் எம் மகனின் வினா மீண்டும் வருகின்றது. மதிலை எதிர்த்து ஏறியவர் யார்? முன்வரிசையில் சில நூறு ஐரோப்பியர். அவர்கள் பின்னும் பக்கத்தும் நின்றவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள். அவர்களுள் தமிழரும் இருந்தனர், தெலுங்கரும் இருந்தனர், முசுலிம்களும் இருந்தனர். பீரங்கியை இழுத்த மாட்டுக்காரன் யார்? அரிசி மூட்டை அனுப்பிய வணிகன் யார்? கலெக்டரின் கச்சேரியில் அமர்ந்து கிஸ்திக் கணக்கெழுதிய இராயசக்காரன் யார்? இவர்களையெல்லாம் எட்டயபுரம் அனுப்பவில்லை. மாதம் தவறாது சம்பளம் கொடுத்தான் கும்பினிக்காரன், அதனால் வந்தனர். நவாபின் படையில் மாதக் கணக்கில் சம்பளம் பாக்கி நிற்பது வழக்கம். பாளையக்காரனின் சேவகனுக்கோ நிலமும் காவல் உரிமையும்; வெள்ளாமை பொய்த்தால் அதுவும் இல்லை. வயிற்றுக்குச் சோறு தேடி வீட்டைவிட்டுப் புறப்பட்டவனை வைவதற்கு, சோற்றுக்காகவே கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி ஏறி இவ்வூர் வந்து சேர்ந்த நமக்கு என்ன உரிமை இருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வைவோமாக.

“அப்படியாயின் வீரம் என்பதே இல்லையா? பிள்ளைகளுக்கு வழிகாட்டியாய் ஒருவரும் வேண்டாவா?” என்று அன்பர் ஒருவர் எம்மிடம் வெகுண்டு கேட்டார். வீரம் உண்டு, நாம் அறிந்ததைவிட மிகுதியாகவே உண்டு. மறுபுறத்து வலிமை எத்தகையது என்று அறிந்தால்தானே வீரத்தின் அளவு தெரியும்? ஒரே ஒரு துரோகியால் வீழ்ந்தது என்றால் கோட்டையும் சிறியது, போரும் சிறியது. ஒழுங்கான சம்பளம், கனத்த பீரங்கி, கடல்வழி வந்துசேரும் மருந்தும் குண்டும், பாளையத்தைப் பாளையத்தோடு மோதவிடும் சூழ்ச்சி ஆகிய இத்தனைக்கும் எதிரே மண்சுவர் எழுப்பி ஏறத்தாழ நான்கு திங்கள் நின்றார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்கின்றனர். யாம் கண்டது.

காளையார்கோவில் போரை எடுத்துக்கொள்வோம். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய ஊமைத்துரைக்கு அடைக்கலம் கொடுத்தனர் சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர். சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு அடர்ந்த காடு. அக்னியூ அக்காட்டை வெட்டிப் பாதை அமைக்கத் தொடங்கினான். ஆகஸ்டு மாதம் முழுவதும் வெட்டினர். பகலில் வெட்டியோர் மீது மருதுவின் ஆட்கள் ஓயாது பாய்ந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டுப் படை திரும்பியது. பீரங்கியால் இயலாததைக் கும்பினி அதன்பின் ஓர் அறிக்கையால் செய்தது. படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளர் என்று செப்டம்பர் 12இல் அறிவித்தது. அரச மரபினர் அவர். மருதுவோ அமைச்சராயிருந்து ஆட்சிக்கு வந்தவர். மக்களின் மனம் இரண்டுபட்டது. அக்டோபர் 1ஆம் நாள் மும்முனைத் தாக்குதலில் காளையார்கோவில் வீழ்ந்தது. இதில் துரோகி யார்? உரிமை கேட்ட படமாத்தூராரா, அவ்வுரிமையை மதித்த குடிகளா? நம் சங்கத்துப் பட்டிமன்றத்திற்கு இதனைத் தலைப்பாக வைத்தால், ‘இல்லறத்தில் சிறந்தவர் கணவரா மனைவியரா’ என்பதைவிடச் சற்றுப் பயனுடையதாய் இருக்கும்.

அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரரைத் தூக்கிலிட்டனர். முன்னொரு காலத்தில் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்த சின்ன மருதுவைக் கால் முறிந்த கைதியாய்க் கண்டதை வெல்ஷ் வருந்தி எழுதுகின்றான். நவம்பர் 16இல் ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டுக் கோட்டையைத் தரைமட்டமாக்கினர். டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநன் ஆயுதங்களை ஒப்படைக்குமாறு அறிக்கை விட்டான். அவ்வாளுநன் பெயர் எட்வர்டு கிளைவ். ஆர்க்காட்டுக் கிளைவின் மகன். தந்தை தொடங்கியதை ஐம்பதாண்டில் மகன் முடித்தான் என்று நம் பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொல்லலாம். ஒரு பாடநூலும் தேவையில்லை.

1802 பிப்ரவரியில் எழுபத்து மூவரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவர்களுள் ஒருவன். வயது பதினைந்து இருக்கும். மாறுவேடப் போட்டியில் இதுவரை எந்தப் பிள்ளையும் துரைசாமியாக வந்ததில்லை.

சிப்பாய்களைப் பற்றிய கணக்கும் அத்தோடு முடியவில்லை. ஐந்தாண்டுக்குள், அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் எழுந்தனர். நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை அணிக என்ற ஆணைகள் அவர்களைச் சுட்டன. கோட்டைக்குள் சிறையிருந்த திப்பு சுல்தானின் மக்களும் அவர்கள் நினைவில் இருந்தனர். விடியுமுன் எழுந்து கோட்டையைப் பிடித்து, திப்புவின் கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து சில மணி நேரத்தில் அடக்கினான். நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். கில்லெஸ்பியுடன் வந்த குதிரைவீரருள் சுதேசிகளும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். நேற்று மதிலுக்கு வெளியே நின்றவன் இன்று மதிலுக்கு உள்ளே, வெளியே இன்னொருவன். ஆளுநன் பெண்டிங்கும் படைத்தலைவன் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். தலைப்பாகை ஆணையும் நீக்கப்பட்டது. இதனை நோக்கினால், சம்பளம் வாங்கினவனுக்கும் ஓர் எல்லை இருந்தது, அவ்வெல்லையை அவனே கண்டுகொண்டான் என்பது புலனாகும். அரசாங்கச் சம்பளத்தில் வாழும் எமக்கு, தூக்குமேடை வீரரைவிட இச்சிப்பாய் சற்று அருகில் நிற்கின்றான்.

சான்றுகள் எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா, பிள்ளைகளுக்குத் தமிழில் எதனைக் கொடுப்பது என்று கேட்பார்க்கும் ஒன்று கூறுவோம். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷாய் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே நாட்குறிப்பு எழுதினார். 1748இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டு மீண்டதை ஊருக்குள் இருந்தபடியே பதிந்தார். குண்டு விழுந்த இடம், ஊரார் அச்சம், அதிகாரிகளின் பொய் அனைத்தும் பேச்சுத் தமிழில் அப்படியே கிடக்கின்றன. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைவதற்குச் சில நாள் முன்னர் அவர் இறந்தார். அவர் வீரர் அல்லர்; வணிகர்; பிரெஞ்சுக்காரனின் கணக்குப்பிள்ளை என்றும் சொல்லலாம். ஆனால் நம்மவர் ஒருவர் முற்றுகைக்குள்ளிருந்து தமிழில் எழுதிய சான்று அது. நம் சங்க நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் அதன் தொகுதி ஒன்று உண்டு. திறந்து பல ஆண்டுகளாயின என்பது பூட்டைப் பார்த்தாலே விளங்கும்.

இவ்வாண்டு விழாக் குழுவிற்கு யாம் எழுத்து வழி வேண்டுகோள் ஒன்று விடுத்தோம். கட்டபொம்மன் நாடகத்தின் இறுதிக் காட்சியில் எட்டப்பன் மீது பிள்ளைகள் காகித உருண்டை எறியும் வழக்கத்தை நிறுத்துக. அதற்கு ஈடாகப் பாஞ்சாலங்குறிச்சியின் 1801 முற்றுகையைப் பத்து நிமிடக் காட்சியாக்குக. அதில் மண் சுமக்கும் பெண்ணொருத்தி, சிப்பாய் ஒருவன், கிஸ்திக் கணக்கெழுதும் இராயசக்காரன் ஒருவன், பிணக்குவியலில் மகனைத் தேடும் தாய் ஆகியோர் இடம்பெறுக. ஆனந்தரங்கர் தொகுதியை மாதம் ஒரு ஞாயிறேனும் வெளியே எடுத்துப் பிள்ளைகள் முன் சில பக்கங்கள் வாசிக்க ஏற்பாடு செய்க. இவையே அவ்வேண்டுகோள்.

குழுவினர் அன்புடன் செவிமடுத்தனர். பெண் வேடத்திற்கும் சிப்பாய் வேடத்திற்கும் உடை வாடகைக்கு எடுக்க வேண்டும், நிதி நிலைமை இடந்தராது. கட்டபொம்மன் உடையும் அட்டைக் கத்தியும் சென்ற ஆண்டினவே கைவசம் உள்ளன என்று தெரிவித்தனர். அலமாரிச் சாவியைப் பற்றிய விடை இன்னும் வரவில்லை. இராயசக்காரன் வேடத்திற்கு உடை தேவையில்லை. அலுவலகத்திலிருந்து நேரே வந்துவிடுகின்றோம் என்று மறுமொழி எழுதியிருக்கின்றோம்.